பயிற்சி மருத்துவர் நோயுற்றால் யாரிடம் செல்வது?

நம் ஊர்களில் ஒரு பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்துவிட்டால் அந்த மகிழ்ச்சி அந்த வீட்டோடு நிற்பதில்லை. ஜமாஅத்தில் பாராட்டுகிறார்கள். உறவினர்கள் இனிப்போடு வருகிறார்கள். கல்வி உதவித்தொகை கொடுத்தவர்கள் தங்கள் பணம் நல்ல வழியில் போய்ச் சேர்ந்தது என்று துஆ செய்கிறார்கள். தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு நடைமுறையில் இருக்கும் 3.5 சதவீத இட ஒதுக்கீடும், பல மாவட்டங்களில் புதிதாக வந்த அரசு மருத்துவக் கல்லூரிகளும் இந்த வாசலை முன்பைவிட அகலமாகத் திறந்து வைத்திருக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அந்தப் பிள்ளை கல்லூரிக்குள் போன பிறகு விசாரிப்புகள் குறைந்துவிடுகின்றன. படிப்பு எப்போது முடியும், எந்தத் துறையில் பி.ஜி. கிடைக்கும், கல்யாணம் எப்போது என்பதோடு கேள்விகள் நின்றுவிடும். "உடம்பு எப்படி இருக்கிறது? கடைசியாக எப்போது ஒரு டாக்டரிடம் காட்டினாய்?" என்று கேட்பவர்கள் குறைவு. நாள் முழுக்க ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் பிள்ளைக்கு வைத்தியத்தில் என்ன குறை வந்துவிடப் போகிறது என்ற எண்ணமே காரணம்.

நடைமுறை இதற்கு நேர் எதிராக இருக்கிறது. நூறு நோயாளிகளுக்கு ஒரே நாளில் மருந்து எழுதும் இளம் மருத்துவர், தன் பல்வலிக்கு மாதக்கணக்கில் பல் டாக்டரைப் பார்க்காமல் இருக்கிறார். சர்க்கரை நோயாளிக்கு நேரத்துக்குச் சாப்பிடச் சொல்பவர், காலை உணவை மாலை நான்கு மணிக்குச் சாப்பிடுகிறார். இதை அவருடைய அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. பயிற்சி அமைப்புக்குள்ளேயே சில தடைகள் இருக்கின்றன. அவை என்ன, எப்படி வேலை செய்கின்றன, எதை மாற்ற முடியும் என்பதை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் இவர்கள்?

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு. அதன் பிறகு ஓராண்டு கட்டாயப் பயிற்சி. இந்த ஓராண்டில் இருப்பவர்களைத்தான் ஹவுஸ் சர்ஜன் என்கிறோம். அதற்குப் பின் நீட் பி.ஜி. எழுதி எம்.டி. அல்லது எம்.எஸ். சேர்ந்தால் மேலும் மூன்றாண்டு. சிறப்பு மருத்துவத்தில் டி.எம்., எம்.சிஎச். படிப்பவர்களுக்கு இன்னொரு மூன்றாண்டு. அதாவது பதினெட்டு வயதில் உள்ளே போனவர் முப்பதைத் தாண்டியும் பயிற்சி மருத்துவராகவே இருக்கக்கூடும்.

இவர்களுக்கு இரண்டு முகங்கள். கல்லூரிப் பதிவேட்டில் மாணவர். வார்டில் வேலை செய்யும் மருத்துவர். வருகைப் பதிவு, தீசிஸ், தேர்வு என்று மாணவருக்குரிய எல்லாக் கட்டுப்பாடுகளும் உண்டு. இரவு டூட்டி, கேஷுவாலிட்டி, அவசர அறுவைச் சிகிச்சை என்று பணியாளருக்குரிய எல்லாச் சுமைகளும் உண்டு. ஆனால் தொழிலாளிக்குச் சட்டம் தரும் வேலைநேரப் பாதுகாப்போ, சாதாரணக் கல்லூரி மாணவருக்குக் கிடைக்கும் விடுமுறையோ இவர்களுக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. நாம் பேசப்போகும் தடைகளின் வேர் இந்த இரட்டை நிலையில்தான் இருக்கிறது.

முதல் தடை: நேரம்

ஒரு சாதாரண மனிதர் காய்ச்சல் வந்தால் காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி டாக்டரைப் பார்க்கிறார். அதே காலை நேரத்தில் பயிற்சி மருத்துவர் எங்கே இருக்கிறார்? அதே ஓ.பி.யில், மேசைக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அல்லது வார்டு ரவுண்ட்ஸில் நிற்கிறார். மூத்த டாக்டர்கள் நோயாளிகளைப் பார்க்கும் நேரமும், இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் வாய்ப்புள்ள நேரமும், இவர் நகரவே முடியாத நேரமும் ஒன்றாக இருக்கின்றன. டூட்டி முடிந்து வெளியே வரும்போது எல்லாம் மூடியிருக்கும். தனியார் கிளினிக் திறந்திருந்தாலும், முப்பது மணி நேரம் விழித்திருந்த உடம்பு முதலில் கேட்பது தூக்கத்தைத்தான்.

விதிகள் இல்லாமல் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூன் மாதத்திலேயே ஒரு நெறிமுறையை வெளியிட்டது. பயிற்சி மருத்துவரின் தொடர்பணி சாதாரணமாக ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்தில் 48 மணி நேரம் என்பது பொதுவான அளவு என்று அது கூறுகிறது. ஆனால் பணிச்சூழலைப் பொறுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற கதவும் அதிலேயே திறந்து விடப்பட்டது. அந்தக் கதவு வழியாக விதி முழுவதும் வெளியேறிவிட்டது. 24 மணி நேரம், 36 மணி நேரம் தொடர் டூட்டி என்பது பல இடங்களில் சாதாரணப் பேச்சு.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் 'நியாயமான' வேலை நேரமும் ஓய்வும் தரவேண்டும் என்கின்றன. ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்துடன் கூடிய தற்செயல் விடுப்பும், வாரம் ஒரு நாள் ஓய்வும் அதில் உண்டு. ஆனால் எத்தனை மணி நேரம் நியாயம் என்று எண்ணால் சொல்லப்படவில்லை. எண் இல்லாத விதியை மீறியதாக யார் மீதும் குற்றம் சாட்ட முடியாது.

விடுப்பு ஏட்டில் இருந்தாலும் கேட்பது எளிதல்ல. ஒரு யூனிட்டில் மூன்று பி.ஜி.க்கள் இருந்தால், ஒருவர் விடுப்பில் போகும்போது அவருடைய இரவு டூட்டி மற்ற இருவர் தலையில் விழும். "என்னால் இன்னொருவர் தூங்காமல் இருக்க வேண்டுமா?" என்ற சங்கடமே பலரைக் காய்ச்சலோடு வேலைக்கு வரவைக்கிறது. நீண்ட நோய் என்றால் இன்னொரு பயம். அனுமதித்த நாட்களைத் தாண்டி விடுப்பு எடுத்தால் அத்தனை நாள் படிப்புக் காலம் நீளும். 80 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. ஆறு மாதம் சிகிச்சை தேவைப்படும் காசநோய்க்கோ, ஓய்வு தேவைப்படும் முதுகுத்தண்டு வலிக்கோ இந்தக் கணக்கில் இடம் மிகக் குறைவு.

இரண்டாம் தடை: வைத்தியம் பார்ப்பவரே மார்க் போடுபவர்

சொந்தக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். சளி, காய்ச்சலுக்கு அது சரி. ஆனால் மூலநோய், மாதவிடாய்க் கோளாறு, வலிப்பு, மன அழுத்தம், கருச்சிதைவு போன்றவற்றுக்கு? அங்கே இருக்கும் மருத்துவர் இவருடைய பேராசிரியர். நாளை இவருடைய தீசிஸில் கையெழுத்துப் போடுபவர். செய்முறைத் தேர்வில் எதிரே உட்காரப்போகிறவர். பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர் இவருடைய பேட்ச்மேட். மருந்து கொடுப்பவருக்கு இவரைப் பெயர் சொல்லித் தெரியும். சாதாரண நோயாளிக்கு இயல்பாகவே கிடைக்கும் மறைவு இவருக்கு அங்கே கிடைக்காது.

இதில் வெட்கம் மட்டும் இல்லை, பிழைப்பும் இருக்கிறது. "அவளுக்கு டென்ஷன் தாங்காது", "அவனுக்கு ஆபரேஷன் தியேட்டர் சரிப்படாது" என்ற ஒரு பேச்சு துறைக்குள் பரவிவிட்டால், நல்ல வழக்குகள் கைக்கு வராது. பரிந்துரைக் கடிதமும் சந்தேகத்துக்குள்ளாகும். நோயைச் சொன்னால் பலவீனன் என்று முத்திரை விழும் என்ற பயம் இளம் மருத்துவர்களின் வாயைக் கட்டிப்போடுகிறது.

அமெரிக்காவில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களிடம் நடத்தி 2010 இல் வெளியான ஆய்வு ஒன்று இதை எண்களில் காட்டுகிறது. மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் நால்வரில் ஒருவருக்கும் குறைவு. ஏன் போகவில்லை என்று கேட்டபோது பத்தில் ஒன்பது பேர் சொன்னது நேரமின்மை. நான்கில் மூன்று பேர் தாங்களே சமாளித்துக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று அஞ்சினார்கள். நேரமும் மறைவும் இல்லாததே முக்கியக் காரணம் என்பது அந்தப் பதில்களில் தெளிவாகிறது.

தனக்குத் தானே எழுதும் சீட்டு

இந்த இரண்டு தடைகளும் சேர்ந்து ஒரு குறுக்குவழியை உண்டாக்குகின்றன. டாக்டரிடம் போக நேரமில்லை, போனால் தெரிந்துவிடும். மருந்தோ கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. எனவே தானே எடுத்துக்கொள்வது, அல்லது வராந்தாவில் நடந்துபோகும் சீனியரை நிறுத்தி "சார், இரண்டு நாளாக வயிற்று வலி, என்ன போடலாம்?" என்று கேட்டுக்கொள்வது.

இது ஏன் ஆபத்து? வராந்தாவில் யாரும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதில்லை. முன்பு என்ன நோய் இருந்தது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்பதில்லை. பதிவு எதுவும் இல்லை, மறுபரிசோதனையும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் மருத்துவர், தன் இருமலுக்கு ஒரு சிரப்பும் ஆன்டிபயாடிக்கும் போட்டுக்கொண்டு வார்டில் நிற்கிறார். தூக்க மாத்திரை, வலி மருந்து ஆகியவற்றில் இந்தப் பழக்கம் அடிமைத்தனம் வரை கொண்டுபோகும். தன் உடம்பைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்லும்போது, பயமும் ஆசையும் அறிவை மறைத்துவிடுகின்றன.

பிரிட்டனில் மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் இதை உணர்ந்து, ஒவ்வொரு மருத்துவரும் தன் குடும்பத்தைச் சேராத ஒரு பொது மருத்துவரிடம் பதிந்திருக்க வேண்டும் என்றும், தனக்கும் நெருங்கியவர்களுக்கும் மருந்து எழுதுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்றும் வழிகாட்டியிருக்கிறது. டாக்டருக்கும் ஒரு டாக்டர் வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஊசி குத்திய பின் ஓடும் கடிகாரம்

தாமதம் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். நள்ளிரவில் இரத்தம் எடுக்கும்போது களைப்பில் ஊசி கையில் குத்திவிடுகிறது. எச்.ஐ.வி. உள்ள நோயாளியின் ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அது 30 சதவீதம் வரை போகலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பின் தொடங்குவதில் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

இப்போது அந்த இளம் மருத்துவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சொன்னால் கவனக்குறைவு என்று திட்டு விழலாம். பரிசோதனை முடிவு வரும்வரை நண்பர்கள் வேறு மாதிரிப் பார்க்கலாம். கேஷுவாலிட்டியில் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். "சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று, ஒன்றும் ஆகாது" என்று வேலையைத் தொடர்கிறார். இந்த மௌனத்தில் கழிவது அவருடைய வாழ்க்கையின் மிக முக்கியமான மணிநேரங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. அது உடம்பில் வேலை செய்கிறதா என்று அறிய இரத்தப் பரிசோதனையும் உண்டு. வார்டுக்குள் கால் வைக்கும் முன் இவை முடிந்திருக்க வேண்டும்.

மனத்தின் நோய்

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி 2024 இல் அறிக்கை அளித்தது. இணைய வழிக் கணக்கெடுப்பில் 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் பதில் சொன்னார்கள். இளநிலையில் 27.8 சதவீதத்தினரும் முதுநிலையில் 15.3 சதவீதத்தினரும் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதைத் தாங்களே குறிப்பிட்டிருந்தார்கள். முதுநிலை மாணவர்களில் 31 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு, அன்றாடம் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரையே 74 மணி நேரம் என்றால், இப்போது நடப்பது எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே நம் வீடுகளுக்கும் பங்கு உண்டு. "மனநல டாக்டரிடம் போனது தெரிந்தால் வரன் அமையாது" என்ற பேச்சு நம் சமுதாயத்தில் சாதாரணம். "ஓதிப் பார்த்தால் சரியாகிவிடும், ஈமான் குறைந்ததால் வரும் கவலை இது" என்று சொல்லி மருந்தை நிறுத்தச் செய்பவர்களும் இருக்கிறார்கள். துஆவும் திக்ரும் முஃமினின் பலம், அதில் ஐயமில்லை. சர்க்கரை நோய்க்கு துஆ செய்துகொண்டே இன்சுலின் போடுகிறோம். மனச்சோர்வுக்கும் அதே நியாயம் பொருந்தும். தற்கொலை பெரும் பாவம் என்று பயானில் எச்சரிப்பது கடமைதான். ஆனால் அந்த எண்ணம் தலைதூக்குகிறது என்று ஒரு பிள்ளை துணிந்து சொல்லும்போது, கண்டிப்புக்கு முன் அரவணைப்பும் சிகிச்சையும் கிடைக்க வேண்டும்.

இன்னொரு பூட்டும் உண்டு. பல மாநிலங்களில் பி.ஜி. படிப்பைப் பாதியில் விட்டால் லட்சக்கணக்கில் பணம் கட்டச் சொல்லும் ஒப்பந்தம் இருக்கிறது. இந்த முறையைக் கைவிடும்படி தேசிய மருத்துவ ஆணையம் 2024 தொடக்கத்தில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. இருக்கவும் முடியாமல், வெளியேறவும் முடியாமல் தவிப்பவருக்கு அந்தப் பணம் வெறும் எண்ணாகத் தெரிவதில்லை. தந்தை விற்ற நிலமாகவும் தாயின் நகையாகவும் தெரிகிறது.

பெண் மருத்துவர்களின் கூடுதல் சுமை

இரவு டூட்டியில் ஓய்வெடுக்கப் பூட்டக்கூடிய அறையும், பயன்படுத்தத்தக்க கழிவறையும் இல்லாத மருத்துவமனைகள் உண்டு. தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும் என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகிறார்கள். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவர், நீண்ட டூட்டிக்கு இடையே ஓய்வெடுக்கச் சென்றது கருத்தரங்க அறைக்கு. அதன் பிறகுதான் மருத்துவர்களின் பாதுகாப்பும் பணிச்சூழலும் குறித்து ஆராய உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. ஓய்வறை என்பது வசதி. அதைக் கேட்பது சொகுசு என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதை நாடே அப்போது பார்த்தது.

பயிற்சிக் காலமும் கல்யாணம், குழந்தைப்பேறு நடக்கும் வயதும் ஒன்றாகவே அமைகின்றன. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு மாதாமாதம் போக வேண்டிய மருத்துவர், அதற்கும் யூனிட் தலைவரிடம் தயங்கித் தயங்கி நிற்கிறார். ரமளானில் நோன்போடு இரவு டூட்டி பார்க்கும் சகோதரிகளும் சகோதரர்களும் ஸஹருக்கு ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீருமாக முடித்துக்கொண்டு மறுநாள் ஓ.பி.யில் உட்காருகிறார்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

1984 இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி ஸயான் என்ற 18 வயதுப் பெண் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்கள் நீண்ட நேரம் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். அந்த மரணம் எழுப்பிய விவாதத்தின் விளைவாக நியூயார்க் மாநிலம் 1989 இல் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 80 மணி என்று வரம்பிட்டது. 2003 இல் அது அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. நோயாளியைக் காப்பாற்றப் போட்ட விதி அது.

மருத்துவரைக் காப்பாற்றும் விதி பிறகு வந்தது. அமெரிக்காவில் பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு 2017 இல் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. உடல்நலம், மனநலம், பல் மருத்துவம் ஆகியவற்றுக்கு டாக்டரைப் பார்க்கப் பயிற்சி மருத்துவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். வேலை நேரத்துக்குள் வரும் சந்திப்பாக இருந்தாலும் தர வேண்டும் என்பதே அது. பார்க்கச் சிறிய வரி. ஆனால் கெஞ்சிப் பெறும் சலுகையாக இருந்ததை அது உரிமையாக மாற்றியது. நம் நாட்டு விதிமுறைகளுக்கும் இப்படி ஒரு தெளிவான வரி தேவை.

இங்கிலாந்தில் மருத்துவர்களுக்கென்றே தனியாக, அவர்கள் பணிபுரியும் மருத்துவமனையோடு தொடர்பில்லாத மனநலச் சேவை 2008 இல் லண்டனில் தொடங்கிப் பின்னர் விரிவடைந்தது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், நியூயார்க்கின் அவசர சிகிச்சை மருத்துவர் லோர்னா ப்ரீன் தற்கொலை செய்துகொண்டார். சிகிச்சை பெற்றால் உரிமம் போய்விடும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தினர் கூறினார்கள். அவர் பெயரால் 2022 இல் மருத்துவப் பணியாளர் மனநலத்துக்கான சட்டம் ஒன்று அமெரிக்காவில் நிறைவேறியது.

மார்க்கம் சொல்வது

ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லத்துக்குச் சென்றபோது, அவர் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருப்பதைக் கண்டார்கள். உண்ணவும் உறங்கவும் செய்துவிட்டு, இறைவனுக்கும் குடும்பத்துக்கும் உள்ள உரிமையைப் போலவே உன் மேனிக்கும் உன்மீது உரிமை உண்டு என்ற பொருள்பட அறிவுரை சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னதைச் சரி என்றார்கள். வணக்கத்துக்காகக்கூட உடம்பின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்றால், டூட்டிக்காகப் பறிக்கலாமா?

கோபத்தில் இருக்கும் நீதிபதி தீர்ப்பளிக்கக் கூடாது என்பது நபிவழி. கடும் பசி, தூக்கம், நோய், துக்கம் ஆகியவையும் சிந்தனையைக் குலைப்பவை என்பதால் அவற்றையும் ஃபுகஹாக்கள் இதனுடன் சேர்த்தார்கள். நோயாளியின் உயிர் குறித்து நிமிடத்துக்கு நிமிடம் முடிவெடுக்கும் மருத்துவரின் நிலையும் நீதிபதியின் நிலைக்குக் குறைந்ததில்லை. நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றோடு சேர்க்க வேண்டாம் என்ற நபிமொழியின் கருத்தும் இங்கே நினைவுகூரத்தக்கது. காய்ச்சலோடும் இருமலோடும் குழந்தைகள் வார்டில் ஒரு மருத்துவரை நிற்கவைப்பது அவருக்கும் அநீதி, அந்தக் குழந்தைகளுக்கும் அநீதி.

செய்யக் கூடியவை

பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள்: சேர்ந்த முதல் மாதத்திலேயே, சொந்தக் கல்லூரியோடு தொடர்பில்லாத ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்து ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நிலையை உறுதி செய்யுங்கள். ஊசி குத்தினால் அந்த நிமிடமே பதிவு செய்து, தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். தூக்க மாத்திரையையும் மன அழுத்த மருந்தையும் தானாக எடுக்காதீர்கள். பேச ஆளில்லை என்று தோன்றினால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இரவு பகல் இயங்குகிறது. மனநல சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைப்பது நோயாளியின் உரிமை என்று 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் மருத்துவர்களுக்கும் உரியது.

பெற்றோர்: போனில் மார்க்கை விசாரிக்கும் முன் தூக்கத்தை விசாரியுங்கள். பிள்ளையின் குரல் மாறியிருந்தால், சாப்பாடு குறைந்திருந்தால், ஊருக்கு வருவதையே தவிர்த்தால், ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கடன், ஒப்பந்தப் பணம் ஆகியவற்றின் கணக்கை அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். "படிப்பு ஆறு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, முதலில் உடம்பைப் பார்" என்ற ஒரு சொல் வீட்டிலிருந்து வந்தால், பாதிச் சுமை இறங்கிவிடும்.

ஜமாஅத்துகளும் அமைப்புகளும்: இலவச மருத்துவ முகாமுக்கு இளம் மருத்துவர்களை அழைக்கும்போது, அது அவர்களுடைய வாரத்தின் ஒரே ஓய்வு நாளாக இருக்கலாம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். நள்ளிரவில் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி உடனே பதில் கேட்கும் உறவினர்களுக்கும் இது பொருந்தும். நம்மில் அனுபவமுள்ள மருத்துவர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாரம் ஒரு மாலை, வேறு கல்லூரியில் பயிலும் மாணவ மருத்துவர்களைக் கட்டணமின்றி, பெயர் வெளியே தெரியாமல் பார்க்க முன்வரலாம். பெண் மாணவியருக்குப் பெண் மருத்துவர் அமைந்தால் இன்னும் நல்லது. இதற்குக் கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. நேரம், மறைவு ஆகிய இரண்டு தடைகளையும் இந்த ஒரு ஏற்பாடு கணிசமாகத் தளர்த்தும்.

கல்லூரி நிர்வாகங்களிடமும் அரசிடமும் வைக்க வேண்டிய கோரிக்கைகள்: வேலை நேரத்துக்கு எண்ணால் வரையறை, வேலை நேரத்துக்குள்ளேயே டாக்டரைப் பார்க்க எழுத்து வடிவில் அனுமதி, பூட்டக்கூடிய ஓய்வறைகள், மதிப்பெண் போடாத மருத்துவரிடம் சிகிச்சை, நோய் விடுப்புக்குத் தண்டனை இல்லாத முறை. மருத்துவர் சங்கங்கள் இவற்றைக் கேட்கும்போது, "இவர்களுக்கு என்ன குறை" என்று கடந்து போகாமல் பொதுமக்களும் குரல் சேர்த்தால் மாற்றம் விரைவாக வரும். ஏனெனில் களைத்த மருத்துவரின் கையில் ஒப்படைக்கப்படுவது பொதுமக்களின் உயிர்தான்.

ஒரு மருத்துவரை உருவாக்க ஒரு குடும்பம் தன் சேமிப்பையும் சமுதாயம் தன் ஸதகாவையும் கொடுக்கிறது. அந்த அமானிதத்தைப் பட்டம் வாங்கும் நாள் வரை மட்டும் பாதுகாத்தால் போதாது. இந்த வாரம் உங்கள் வீட்டில், உங்கள் மஹல்லாவில் பயிற்சியில் இருக்கும் ஒரு பிள்ளைக்குப் போன் செய்யுங்கள். வைத்திய ஆலோசனை கேட்பதற்காக இல்லாமல், அவருடைய நலம் விசாரிப்பதற்காக மட்டும் செய்யுங்கள். பிறரின் வலியைத் தணிக்க உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பூரண ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.